ஜோலார்பேட்டை ஆயா கடை: எட்டு நிமிஷத்தில் சாப்பிட ஒரு மெஸ்

ஜோலார்பேட்டை ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் திரும்பினால், பெயர்ப்பலகை இல்லாத ஒரு மெஸ் இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் அது ஆயா கடை. நாலு மேஜை, சுவரோரம் ஒரு பெஞ்சு, வாசலில் விறகு அடுப்பு, உள்ளே கேஸ் அடுப்பு. காலை நாலரைக்கு டீ கிடைக்கும். ஐந்து மணிக்கெல்லாம் இட்லியும் பொங்கலும் தயார். நான் திருப்பத்தூரில் ஒரு அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். பிறந்து வளர்ந்தது ஜோலார்பேட்டை குவார்ட்டர்ஸில். அப்பா ஸ்டீம் எஞ்சின் காலத்து டிரைவர். காலையில் பஸ் பிடிக்கும் முன் சாப்பிடுவது பெரும்பாலும் இந்தக் கடையில்தான். இதைப் பற்றி யாராவது ஒழுங்காக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஜோலார்பேட்டை என்றாலே வண்டி மாறும் ஊர், சாப்பிட ஒன்றும் கிடைக்காது என்று சொல்பவர்கள் அதிகம்.

முதலில் பொங்கல். அரிசியும் பாசிப்பருப்பும் நன்றாகக் குழைந்து, ஆனால் களியாகாமல் இருக்கும். மிளகை முழுசாகப் போடாமல் ஒன்றிரண்டாக உடைத்துப் போடுகிறார்கள், அதனால் யாரும் அதைப் பொறுக்கி இலை ஓரத்தில் ஒதுக்குவதில்லை. கூடவே வடகறி. முதல் நாள் வடையை உதிர்த்துப் போட்டுப் பண்ணுவது இல்லை. கடலைப்பருப்பை ஊறவைத்து, அரைத்து, ஆவியில் வேகவைத்து, அப்புறம் உதிர்த்துத் தாளிக்கிறார்கள். சோம்பும் பட்டையும் லேசாக மணக்கும், எண்ணெய் மிதக்காது. இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி. மதியம் சாப்பாட்டில் கீரைக் கடைசல் தினமும் உண்டு. மத்தால் கடைவதால் கீரை நார் நாராக இல்லாமல், அதே சமயம் விழுதாகவும் போகாமல் இருக்கிறது. மதியச் சாம்பார் மட்டும் சில நாள் நீர்த்துப் போகிறது. அன்றைக்குக் காரக்குழம்பு வாங்கிக்கொள்வது நல்லது.

ஆனால் இந்தக் கடையின் அருமை தெரிவது பார்சலில்தான். டியூட்டிக்குக் கிளம்புகிற லோகோ பைலட்டோ கார்டோ வந்து நின்றால் ஆயா கேட்கும் முதல் கேள்வி, ‘என்ன வேணும்’ என்பது இல்லை. ‘எந்தப் பக்கம்பா?’ என்பதுதான். மெட்ராஸ் பக்கம், சேலம் பக்கம், பெங்களூர் பக்கம் என்று பதில் வரும். அதைப் பொறுத்துத்தான் கட்டுவார். எக்ஸ்பிரஸ் என்றால் இரண்டு மூன்று மணி நேரத்தில் அந்தப் பக்கம் போய்விடுவார்கள், அதனால் சட்னி கட்டித் தருவார். கூட்ஸ் என்றால் மற்ற வண்டிக்கு வழிவிட எந்த லூப் பாதையில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தேங்காய் சேர்ந்த எதையும் தரவே மாட்டார், கேட்டாலும் தரமாட்டார். இட்லியை ஆறவைத்து, இரண்டு பக்கமும் நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி, வாழை இலையில் அடுக்கி, மேலே காகிதம் சுற்றி, நூலை ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி சுருக்குப் போட்டுத் தருவார். ஓடுகிற எஞ்சினில் ஒருவர் சாப்பிடும்போது மற்றவர் சிக்னல் பார்த்துக்கொண்டிருப்பார். முடிச்சை அவிழ்க்கப் பல்லைப் பயன்படுத்தும்படி ஆகக்கூடாது என்பது ஆயாவின் கணக்கு. அவருடைய வீட்டுக்காரர் ஸ்டீம் எஞ்சினில் கரி போடும் ஃபயர்மேனாக இருந்தவர். அந்தக் கணக்கு அங்கேயிருந்து வந்தது.

‘எந்தப் பக்கம்’ என்ற கேள்விதான் எங்கள் ஊரே உண்டான கதை. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் ஓடியது. அந்தப் பாதை மேற்கே நீண்டு சேலம் பக்கம் போனது. 1864இல் பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்கு இங்கிருந்து கிளை பிரிந்ததும் ஜோலார்பேட்டை ஜங்ஷன் ஆனது. பெங்களூர் பக்கம் கிளம்பினால் குப்பம் வரை ஏற்றம். கனமான கூட்ஸ் வண்டிக்குப் பின்னால் இன்னொரு எஞ்சினை வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள் என்று அப்பா சொல்வார். சமதளத்தில் ஓடிவந்த எஞ்சினும் ஆளும் நின்று, தண்ணீர் பிடித்து, கரி போட்டு, மாறுகிற இடம் இது. அந்த நிற்கும் நேரத்தை நம்பித்தான் டீக்கடை, மெஸ், குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன.

ஒன்பதாம் வகுப்பில் தொழிற்புரட்சி நடத்தும்போது மான்செஸ்டர் பருத்தி மில்லோடு நான் நிறுத்துவதில்லை. ஸ்விண்டன் என்ற ஊரைப் பற்றிச் சொல்வேன். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ரயில்வே வீட்டுப் பிள்ளைகள். இங்கிலாந்தில் ஜோலார்பேட்டை மாதிரி ஒரு ஊர் என்று சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே போடப்பட்டபோது ஸ்விண்டன், குன்றின் மேல் இருந்த ஒரு சின்னச் சந்தை ஊர். 1841இல் சுமார் இரண்டரை ஆயிரம் பேர்தான். ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் புரூனல். எஞ்சின்களுக்குப் பொறுப்பாக அவர் சேர்த்துக்கொண்டது டேனியல் கூச் என்ற இளைஞர். 1837இல் வேலைக்குச் சேரும்போது அவருக்கு இன்னும் 21 வயது முடியவில்லை. எஞ்சின் ஒர்க்ஷாப்பை எங்கே வைப்பது என்று 1840இல் கேள்வி வந்தபோது கூச் ஸ்விண்டனைச் சொன்னார். அவர் காட்டிய காரணங்களைப் போர்டில் எழுதிப்போட்டால் எங்கள் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். செல்ட்டன்ஹாம் கிளை அங்கே பிரிகிறது. லண்டனிலிருந்து அதுவரை பாதை சுலபம், அதற்கு மேல் பிரிஸ்டல் வரை சரிவுகள் கடுமை, ஆகவே எஞ்சின் மாற்ற அதுவே சரியான இடம். பக்கத்திலேயே கால்வாய் ஓடுகிறது, அதில் கரி வரும், தண்ணீரும் எடுக்கலாம். போன வருஷம் ஒரு பையன் எழுந்து, ‘டீச்சர், அப்போ அவங்க ஊர்லயும் குப்பம் ஏத்தம் இருக்குதா?’ என்று கேட்டான். இதைவிடச் சிறப்பாக அந்தப் பாடத்தை யாரும் சுருக்கிச் சொல்ல முடியாது.

சரி, சாப்பாட்டுக் கடை விமர்சனத்தில் இதெல்லாம் எதற்கு? ஸ்விண்டனின் கதை ஒரு சாப்பாட்டுக் கடையில்தான் தொடங்குகிறது, அதற்காக.

ரயில் பாதை போட்டே கம்பெனியின் பணமெல்லாம் கரைந்திருந்தது. ஸ்டேஷன் கட்ட வேண்டும், தொழிலாளிகளுக்குச் சுமார் 300 வீடுகள் கட்ட வேண்டும். ரிக்பி என்ற கட்டட ஒப்பந்தக்காரர்கள் ஒரு யோசனையோடு வந்தார்கள். எல்லாவற்றையும் நாங்களே எங்கள் செலவில் கட்டித் தருகிறோம், வீட்டு வாடகை எங்களுக்கு, ஸ்டேஷனில் இருக்கும் சிற்றுண்டி அறைகளின் வருமானமும் 99 வருஷத்துக்கு எங்களுக்கு. கம்பெனி ஒத்துக்கொண்டது. இன்னொரு வாக்கும் கொடுத்தது: வழக்கமான பயணி ரயில் எல்லாம் ஸ்விண்டனில் சுமார் பத்து நிமிஷம் கட்டாயம் நிற்கும். 1842இல் அந்தச் சிற்றுண்டி அறைகள் திறந்தன. ரிக்பி அதைத் தாங்களே நடத்தாமல் 6,000 பவுண்டு முன்பணத்துக்கும் வருஷ வாடகைக்கும் வேறொருவரிடம் விட்டுவிட்டார்கள்.

பயணி இறங்கித்தான் ஆக வேண்டும், வேறு கடை கிடையாது, பத்து நிமிஷத்தில் மணி அடித்துவிடும். எப்படிப் போட்டாலும் விற்கும் என்றால் சாப்பாடு எப்படி இருக்கும்? நாடு முழுக்கக் கெட்ட பெயர் வாங்கியது அந்தக் கடை. புரூனலே அங்கே காபி குடித்துவிட்டு, கடையை நடத்தியவருக்குக் கடிதம் எழுதினார். உங்கள் காபி மோசம் என்று நான் சொன்னதாக நினைக்க வேண்டாம், உங்களிடம் காபி என்று ஒன்று இருப்பதாகவே எனக்குத் தெரியாது, நான் குறை சொன்னது மட்டமான வறுத்த தானியத்தை வாங்கியதற்குத்தான் என்ற பொருளில் எழுதினார். பாதையைப் போட்ட மனிதருக்கே இந்தக் கதி. கம்பெனிக்கோ கை கட்டப்பட்டிருந்தது. வண்டிகள் வேகமாக ஓடத் தொடங்கிய காலத்திலும் ஸ்விண்டனில் நின்றே தீர வேண்டியிருந்தது. கடைசியில் 1895இல் 1,00,000 பவுண்டு கொடுத்து அந்தக் குத்தகையை மீட்டார்கள். அதற்குப் பிறகுதான் எக்ஸ்பிரஸ்கள் ஸ்விண்டனில் நிற்காமல் போக முடிந்தது.

ஆயா கடைக்கு வருகிறவர்களுக்கும் வேறு வழி இல்லை. விடியற்காலையில் டியூட்டிக்கு சைன் ஆன் பண்ணப் போகிறவர் கடை தேடி அலைய முடியாது. எட்டு பத்து நிமிஷத்துக்கு மேல் அவரிடம் நேரம் இல்லை. அந்த எட்டு நிமிஷத்தை ஆயா எப்படி மதிக்கிறார் என்று பாருங்கள். அவசரக்காரருக்கு முதல் ஈடு இட்லி. சும்மா பேப்பர் படிக்கிறவர் காத்திருக்க வேண்டும், அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. டீயை டபராவில் ஆற்றி, உடனே குடிக்கிற சூட்டில் தருகிறார்கள். சில்லறை இல்லை என்றால் ‘ரிட்டர்ன்ல வந்து குடுப்பா’ என்பார். விலையும் நியாயம்: இட்லி 8 ரூபாய், பொங்கல் வடகறியோடு 40, டீ 12, மதியச் சாப்பாடு 80. கட்டாயத்துக்கு வருகிறவனிடம் கூடக் காசு பார்க்காத கடை இது. நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான்.

மோசமான காபியோடு தொடங்கினாலும் ஸ்விண்டன் வளர்ந்த விதம் பெரியது. ஒர்க்ஷாப் 1843 ஜனவரியில் வேலை தொடங்கியது. 1846இல் ‘கிரேட் வெஸ்டர்ன்’ என்ற எஞ்சினை முழுக்க அங்கேயே செய்து, 13 வாரத்தில் வெளியே விட்டார்கள். ஸ்டேஷனுக்கும் ஒர்க்ஷாப்புக்கும் பக்கத்தில் கல்வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. தெருக்களுக்கு லண்டன், பிரிஸ்டல், எக்ஸெட்டர், டான்டன், ரெடிங் என்று ரயில் போகும் ஊர்களின் பெயர்கள். மூலை வீடுகள் பெரியவை, ஃபோர்மேன்களுக்கு. தனி ஆட்களுக்கு ஒரு பெரிய விடுதி கட்டினார்கள். அங்கே சட்டதிட்டம் அதிகம் என்று பையன்கள் தங்க விரும்பவில்லை. ஊர்க்காரர்கள் அதை ‘பாரக்ஸ்’, அதாவது பட்டாளத்து விடுதி, என்றார்கள். பின்னால் அது மெதடிஸ்ட் தேவாலயம் ஆனது, 1962இல் ரயில்வே மியூசியம் ஆனது. 1845இல் தேவாலயமும் பள்ளிக்கூடமும் வந்தன. 1844இல் தொழிலாளிகள் சேர்ந்து மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூஷன் தொடங்கினார்கள். 1855இல் அதற்கு லைப்ரரி, படிப்பறை, மேடை எல்லாம் உள்ள பெரிய கட்டடம் எழுந்தது. நம் ரயில்வே ஊர்களில் இருக்கும் இன்ஸ்டிடியூட்டுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சொந்த ஊர்ச் செய்தி மாதிரி இருக்கும். அப்பா கேரம் ஆடியதும், நான் முதன்முதலாக நூலகப் புத்தகம் எடுத்ததும் அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தில்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய மருத்துவ நிதிச் சங்கம். 1847இல் தொழில் படுத்து, ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த சமயத்தில் தொடங்கியது. சம்பளத்துக்குத் தகுந்தபடி ஒவ்வொருவரிடமும் வாரம் ஒரு சிறு தொகை பிடித்தார்கள். அதில் டாக்டரும் மருந்தும் தொழிலாளியின் குடும்பம் முழுக்கக் கிடைத்தன. 1871இல் சின்ன ஆஸ்பத்திரி, 1892இல் மில்டன் ரோட்டில் மருந்தகமும் நீச்சல் குளமும் குளியல் அறைகளும். பிரிட்டன் முழுவதற்கும் தேசிய சுகாதார சேவை 1948இல் வரும்வரை, அதாவது நூறு வருஷம், தொழிலாளிகளின் சங்கமே அந்த ஊரைப் பார்த்துக்கொண்டது. ரயில்வே ஆஸ்பத்திரியில் பிறந்த எனக்கு அதைப் படித்தபோது கண் கலங்கியது.

அப்புறம் ‘டிரிப்’. வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனி இலவச ரயில் விடும். 1849இல் முதல் டிரிப் ஆக்ஸ்ஃபோர்டுக்கு, சுமார் 500 பேர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜூலை மாதத்தில் ஒரே வாரத்தில் 25,000 பேர் வரை கடற்கரை ஊர்களுக்குக் கிளம்பினார்கள். வேமவுத்துக்குத்தான் கூட்டம் அதிகம். ரயில் இலவசம், ஆனால் ரொம்ப காலத்துக்கு அந்த வாரச் சம்பளம் கிடையாது. திரும்பி வந்ததும் வீட்டில் கையைக் கடிக்கும். ரயில்வே இலவச பாஸ் இருந்தும் கையில் காசு இல்லாமல் திருப்பதியோடு திரும்பிய குடும்பங்கள் எங்கள் குவார்ட்டர்ஸிலும் உண்டு.

1861இல் இரும்பு உருட்டு ஆலை வந்தபோது வேல்ஸிலிருந்து ஆட்கள் வந்து குடியேறினார்கள். 1868இல் ரயில் பெட்டி கட்டும் வேலையும் அங்கேயே வந்தது. கீழே இருந்த புது ஸ்விண்டனும் குன்றின் மேலிருந்த பழைய ஸ்விண்டனும் 1900இல் ஒரே நகராட்சி ஆகி, முதல் மேயராக வந்தவர் ஒர்க்ஷாப்பின் பொறியாளர் சர்ச்வர்ட். 1901இல் மக்கள்தொகை 45,000. உச்சகாலத்தில் ஒர்க்ஷாப்பில் மட்டும் 14,000 பேருக்கு வேலை. ஊருக்குத் தண்ணீர் போதாமல், கெம்பிள் என்ற இடத்திலிருந்து ஒர்க்ஷாப்புக்குக் குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள். இதைச் சொல்லும்போது 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்க் வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் சென்னைக்குப் போனதைப் பிள்ளைகளே எடுத்துச் சொல்லிவிடுவார்கள். அந்த ரயிலைப் பார்க்கப் பாலத்தின் மேல் நின்றவர்கள் அவர்கள்.

1960இல் ‘ஈவினிங் ஸ்டார்’ வெளிவந்தது, பிரிட்டிஷ் ரயில்வேஸுக்காகக் கட்டப்பட்ட கடைசி ஸ்டீம் எஞ்சின். 1986 மார்ச் 26 அன்று ஒர்க்ஷாப் மூடியது. தலைமுறை தலைமுறையாக ஊரை எழுப்பிய சங்கு அன்றோடு நின்றது. இப்போது அந்தக் கட்டடங்களில் 1997 முதல் ஒரு பெரிய கடைவளாகம், 2000 முதல் ரயில்வே மியூசியம். ஊர் அழியவில்லை, வேறு தொழில்களைப் பிடித்துக்கொண்டு பெரிதாகிவிட்டது. ஆனால் 1855இல் கட்டிய இன்ஸ்டிடியூஷன் கட்டடம் ஒர்க்ஷாப் மூடியதிலிருந்து பாழடைந்து கிடக்கிறது. மூடிய ஒர்க்ஷாப்பைவிட அதுதான் எனக்கு வலிக்கிறது.

மறுபடி கடைக்கு வருகிறேன். குறைகளும் சொல்ல வேண்டும். சாயங்காலம் தோசைக்கு ஒரே கல்தான். ஏழு மணிக்கு மேல் போனால் காத்திருக்க நேரும், ரயில் பிடிக்கிறவர்கள் இட்லி உப்புமா எதுவென்றாலும் வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். வாசல் படி உயரம், முட்டி வலிக்காரர்களுக்குச் சிரமம். கைகழுவும் இடம் கடைக்குப் பின்னால், இரவில் விளக்கு போதாது. கழிப்பறை கிடையாது, ஸ்டேஷனில் போய்விட்டு வருவது நல்லது. குடிக்க வெந்நீர் கேட்டால் தருகிறார்கள். மேஜையில் வைக்கும் செம்புத் தண்ணீரும் காய்ச்சியதுதான் என்று ஆயாவின் மருமகள் சொன்னார்.

பெண்கள் தனியாக வந்து நிம்மதியாகச் சாப்பிடலாம், இதை அழுத்திச் சொல்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்குக் கைக்குழந்தையோடு சேலம் வண்டிக்குக் காத்திருந்த ஒரு பெண்ணை ஆயா உள்ளே அழைத்து, அடுப்பு பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்து, பாலைக் காய்ச்சிக் கொடுத்ததை நான் பார்த்தேன். பாலுக்குக் காசு வாங்கவில்லை. வண்டி எந்த பிளாட்பாரத்தில் வருகிறது என்று ஒரு பாயிண்ட்ஸ்மேனிடம் கேட்டு, அவரையே துணைக்கு அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் கேழ்வரகுக் களி உண்டு, முள்ளுக் கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்போடு. 60 ரூபாய். கருவாடு வேண்டாதவர்களுக்குக் கீரைக் கடைசல். ஒரு மணிக்குள் தீர்ந்துவிடும், பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். பார்சலுக்கு டப்பா எடுத்துப்போனால் இரண்டு ரூபாய் குறைத்துக்கொள்கிறார்கள். ஜிபே இருக்கிறது, ஆனால் காலையில் நெட் கிடைப்பதில்லை, கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் பண்டிகை மூன்று நாளும், ஆடிக் கிருத்திகை அன்றும் கடை மூடியிருக்கும்.